பின்னறைக்கு ஒரு வாசல்

பெப்ரவரி 6, செவ்வாய்

காலையில் மூட்டம். இரண்டு தரம் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். வேளாண்மை வெட்டுக் காலத்தில் இந்த மழை ஆகாது என்று பக்கத்து வீட்டில் பேச்சு.

மேசன் வந்து அளந்துவிட்டுப் போனார். பாண்டிருப்பு ஆள், பெயர் சிவநாதன். மச்சான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடையில் சாமான் எடுக்கிறவராம். பின்னறையின் மேற்குச் சுவரில் பென்சிலால் ஒரு நீள்சதுரம் கீறினார். சரியாக என் கட்டிலின் தலைமாட்டில். கட்டிலைத் தையல் மெசின் பக்கம் இழுத்துப் போட வேண்டும்.

இது எனக்கும் உம்மாவுக்கும் தனி வாசல். நேரே பக்கத்து ஒழுங்கைச் சந்துக்கு இறங்கும். அது முடிந்ததும் பின்னறைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கதவைக் கழற்றிக் கல் வைத்து அடைப்பார்கள். அந்தப் பக்கம் மச்சானும் அவர் கலியாணம் முடிக்கப்போகும் நிந்தவூர்ப் பிள்ளையும். இந்தப் பக்கம் நாங்கள் இருவர்.

அம்னா அந்தப் பக்கம்.

ராத்தா, என் கூடப்பிறந்த மூத்தவள், கண்மூடி மௌத்தாகி நான்கு வருஷம். அன்றைக்கு அவள் மகள் அம்னா என் மடியில்தான் தூங்கினாள், இன்றுவரை என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். அவள் வாப்பா, மச்சான், சாய்ந்தமருதில் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மாலையில் வருவார். வாசலில் நின்றபடி மகளோடு கதைப்பார், சாமான் பையைக் கொடுப்பார், போய்விடுவார். என் முகத்தைப் பார்த்துக் கதைத்ததில்லை. அது மரியாதை என்று நினைத்திருந்தேன்.

வேறு: நூல் கட்டை கறுப்பு 2. உம்மாவின் சீனி மருந்து. அம்னாவுக்கு வெள்ளைச் சப்பாத்து, பழையது பெருவிரலில் இடிக்கிறதாம்.


பெப்ரவரி 8, வியாழன்

பக்கத்து வீட்டு ஜெஸீமா வந்து பென்சில் கோட்டைப் பார்த்தாள். "நல்லதுதானே புள்ள. தனி வாசல் எண்டா தையலுக்கு ஆக்கள் வந்து போக லேசு" என்றாள். ஓம் என்றேன். கதவுக்கு என்ன நிறம் அடிக்கப்போகிறாய் என்று வேறு கேட்டாள்.

மத்தியானம் உம்மாவுக்குக் கால் பிடித்துவிடும்போது கேட்டேன், இது யார் யோசனை என்று. மற்றக் காலையும் நீட்டினா. பிறகு சொல்லத் தொடங்கினா.

"நான் பள்ளி மரைக்கார வச்சி மருமகனுக்கிட்டக் கேட்டுப் பாத்தன் புள்ள. போன பெருநாளைக்குப் பொறவு. ஊட்டுக்குள்ளயே கட்டிக் குடுக்காத குமர் இரிக்கி, புள்ளயயும் வளக்குது, வேற எங்கயும் என்னத்துக்குப் போற எண்டு."

"என்னட்ட ஒரு சொல்லுச் செல்லல்லயே."

"செல்லி என்ன செய்ய."

"என்ன செல்லினாராம்?"

"ஒன்னப் பாக்கக்குள்ள மூத்தவட மொகம் தெரியுதாம். அதோட வாழ ஏலாதாம்."

கால் பிடித்து முடித்தேன். எண்ணெய்ப் போத்தலை மூடினேன்.

சாயல் உண்மைதான். பள்ளிக்கூடத்திலேயே எங்களை மாறி மாறிக் கூப்பிடுவார்கள். ஆனால் அம்னாவுக்கும் அதே முகம்தானே. அதைப் பார்த்துக்கொண்டு வாழ ஏலும். என்னைப் பார்த்துத்தான் ஏலாது.

நான் கேட்கச் சொல்லவில்லை. நினைக்கவில்லை என்று மட்டும் எழுத முடியாது.


பெப்ரவரி 10, சனி

வெயில். கடற்காற்று. வீடெல்லாம் தூசி, சோற்றிலும் தூசி.

மச்சான் கடையிலிருந்து லிண்டல் ஒன்று முச்சக்கரவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஏற்கனவே வார்த்துக் காய்ந்த கொங்கிறீட் துண்டு, வாசலுக்கு மேலே படுக்கவைப்பது. அது இல்லாவிட்டால் மேலே உள்ள கல் எல்லாம் வாசலுக்குள் இறங்கிவிடும் என்று அம்னாவுக்கு மேசன் விளங்கப்படுத்தினார். அவள் அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள்.

பத்து மணிபோல உடைக்கத் தொடங்கினார். உட்பக்கம் இரண்டு கல் கழன்றதும் அலவாங்குக் கம்பி சடாரென்று உள்ளே போய்விட்டது. கையை விட்டுப் பார்த்தார், டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ரெட்டைச் சுவர். தெரியுமா ஒங்களுக்கு?"

"ஓம் அண்ணன். கட்டக்குள்ள பாத்திரிக்கன்."

"முதலே சொல்லியிரிக்கலாமே."

"ஆரும் கேக்கல்லயே."

கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே யாரும் கேட்கவில்லை. சுனாமியில் கடல் வந்து போன பிறகு வெளிநாட்டு அமைப்பொன்று கட்டித் தந்த வீடு இது. சூடு உள்ளே வராது என்று வெளிச்சுவர் எல்லாம் இரண்டு அடுக்காகக் கட்டினார்கள், நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு. வாப்பா அப்போது உயிரோடு இருந்தார். மூத்த குமருக்கு முதலில் என்று ராத்தாவின் பேரில் எழுத வைத்தார். "ஒனக்கு அடுத்தது, என்ட கையால கட்டித் தருவன்" என்றார். அத்திவாரத்துக்குக் கல்கூட இறக்கினார். மறுவருஷம் அவரும் போய்விட்டார். அந்தக் கல்லை உம்மா விற்றா.

வீடில்லாத குமரை இந்தப் பக்கத்தில் யார் கேட்டு வருவார்கள். வந்தவர்களும் வளவு எங்கே, கிணறு எங்கே என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார்கள்.

கொண்டுவந்த லிண்டல் ஒற்றைச் சுவருக்கு உரியது. பாதி அகலம்தான் தாங்கும். மச்சானுக்குப் போன் எடுத்தார் மேசன். அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சான் வந்தார்.

"இன்னொண்டு கொண்டு வாறன். உள்ளுக்கு ஒண்டு, வெளிய ஒண்டு வச்சிருங்க. கெதியா முடியணும். நோன்புக்கு முன்ன கலியாணக் காவின் எழுதுற."

"வைக்கலாம் தம்பி. ஆனா ரெண்டு சுவரையும் பிடிச்சு வச்ச கம்பியெல்லாம் உப்புக்காத்துக்கு உக்கிப்போய்க் கிடக்கு. வெளிச்சுவர் தன்பாட்டில தனிய நிக்குது. தொட்டா என்ன செய்யும் எண்டு சொல்லேலாது."

"பாத்துச் செய்யுங்க" என்றார் மச்சான். அம்னாவின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.


பெப்ரவரி 12, திங்கள்

இன்றைக்கு எழுத்து கோணல்.

காலையில் உள் லிண்டல் சரியாக உட்கார்ந்துவிட்டது. மத்தியானத்துக்குப் பிறகு வெளிச்சுவர். மேசன் ஒழுங்கைப் பக்கம் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். மேலே மரம் கொடுத்து முட்டும் வைத்திருந்தார். மச்சான் கடையில் சொல்லிவிட்டு வந்து நின்றார். மதரஸா விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம்.

நான் அறைக்குள் தூசி கூட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டை வழியாக அம்னாவின் வெள்ளைத் துணி தெரிந்தது. வேலையைப் பார்ப்பதற்காகச் சுவருக்குக் கிட்ட வந்து நின்றாள். மேலே ஒரு சத்தம், பல்லைக் கடிப்பது போல. நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று தெரியாது. அவள் என் குரல் வந்த பக்கம் ஓடினாள். ஓட்டைக்கு அல்ல, சுற்றிக்கொண்டு, முன்வாசலால், வீட்டுக்குள்ளால்.

வெளிச்சுவரின் மேற்பகுதி ஒரு கட்டாகக் கழன்று ஒழுங்கையில் விழுந்தது. அவள் நின்ற இடத்திலேயே. மேசனின் முழங்கையில் சிராய்ப்பு. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் எழுத வேண்டியது வேறு. மச்சான் முன்வாசலடியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாராம். பிள்ளை அவர் கைக்குக் கீழால் நுழைந்து என்னிடம் வந்தாள். என் இடுப்பைக் கட்டிப் பிடித்தவள் விடவில்லை. அவர் பின்னாலேயே வந்தார். நடுக்கதவில் நின்றார். கை இன்னும் கொஞ்சம் விரிந்தபடியே இருந்தது.

"அம்னா, இஞ்ச வா மகள்."

வரவில்லை.

"வாப்பாக்கிட்டப் போங்க" என்று நானும் சொன்னேன். விரலைப் பிரித்துப் பார்த்தேன். பிரிக்கப் பிரிக்க இறுக்கினாள்.

கையைக் கீழே இறக்கினார். பிறகு, உம்மாவைப் பார்த்துத்தான், "மாமி, இது சரிவராது. அவ வாற ஆளோட பழகணும். இந்தக் கதவு திறந்து கிடந்தா ஒருநாளும் பழகமாட்டா. காவினுக்கு முன்னயே அடைச்சிருவம்" என்றார்.

உம்மா ஓம் மகன் என்றா.


பெப்ரவரி 14, புதன்

இனி இரண்டு துண்டு வேலைக்காகாது என்று மேசன் ஒரே பிடியாக நின்றார். இரண்டு சுவரையும் சேர்த்து மூடும் அகலத்தில் அந்த இடத்திலேயே வார்ப்பது. பலகை அடித்து, கம்பி கட்டி, கீழே முட்டுக்கால் நான்கு. உள்ளே வைத்த லிண்டலையும் கழற்றியாயிற்று. கொங்கிறீட் கொட்டும்போது நான் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். பதினாலு நாளைக்கு முட்டில் கை வைக்கக்கூடாது, காலையும் மாலையும் சாக்கு நனைத்துப் போட வேண்டும். அது என் வேலை.

நான் வெளியே போக வேண்டிய வாசலுக்கு நானே தண்ணீர் ஊற்றுகிறேன்.

விழுந்த கல்லில் முழுசாக இருந்ததைப் பொறுக்கி ஒரு பக்கம் அடுக்கினார் மேசன். எதற்கு என்று கேட்டேன். இன்னொரு கல்லின் சாந்தைத் தட்டினார். பிறகு, "நடுக்கதவுக்கு, தங்கச்சி" என்றார்.


பெப்ரவரி 17, சனி

சாக்கு நனைத்தேன். மூன்று அபாயா வெட்டினேன்.

அம்னா கேட்டாள். "சாச்சி, கதவ அடைச்சா நான் எதால வாற?"

"ஒழுங்கையால சுத்தி வரலாம்."

"ராவைக்கு?"

"ராவைக்கு வாப்பாவோட படுக்கணும். புது உம்மாவும் இரிப்பா."

யோசித்தாள். "அப்ப நீங்க ஆரோட படுப்பீங்க?"

உம்மும்மாவோட என்றேன். உம்மும்மா குறட்டை விடுவாவே என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.


பெப்ரவரி 21, புதன்

அடைத்தாயிற்று.

அம்னா பள்ளிக்கூடம் போன பிறகு தொடங்கச் சொல்லியிருந்தார் மச்சான். மேசன் கதவைக் கழற்றி ஒழுங்கையில் சாத்தினார், நிலையைப் பெயர்த்தார். முதல் வரிக் கல் வைக்கும் முன் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, அங்கால ஏதும் சாமான் கிடக்கா ஒங்கட?"

போய்ப் பார்த்தேன். குசினியில் என் தேத்தண்ணிக் கோப்பை. கொடியில் என் முந்தானைத் துணி ஒன்று. ராத்தாவின் அலுமாரியைத் திறக்கவில்லை. திரும்பி வந்தேன். அப்போது கல் கணுக்கால் அளவுதான். கடந்து இந்தப் பக்கம் வந்தேன்.

பிறகு முழங்கால். பிறகு இடுப்பு. உம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. அந்தப் பக்கத்து வெளிச்சம் மேலே மேலே போய்க் கடைசியில் ஒரு கல் அளவு நின்றது. மேசன் சாந்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தாமதித்தார். "வையுங்க அண்ணன்" என்றேன்.

ஒரு மணிக்கு அம்னா வந்தாள். அந்தப் பக்கம் அவள் சப்பாத்துச் சத்தம் கேட்டது. நின்றது. சுவரில் உள்ளங்கையால் ஒரு தட்டு. "சாச்சி" என்றாள். இஞ்சதான் மகள் என்றேன். "சாந்து ஈரமா இரிக்கி" என்றாள். கை வைக்காதே, கழுவு என்றேன். சரி என்றாள்.

இன்று பகல் தின்னவில்லை. அவளா, நானா என்றால், இரண்டு பேரும்.

நாங்கள் இப்போது வெளியே போவதென்றால் முட்டுக்காலுக்கு இடையில் குனிந்து, ஒரு பக்கம் சரிந்துதான். உம்மாவால் அதுவும் ஏலாது. கக்கூசுக்குப் பதில் பிளாஸ்டிக் வாளி வாங்கி வைத்திருக்கிறேன். பலகை கழற்றும்வரை உம்மா உள்ளேதான்.


பெப்ரவரி 23, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் காவின். பெண்ணை அஸருக்குக் கூட்டிவந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம், குழந்தைகள், யாரோ சிரிப்பு. "பொண்ணு நல்ல வெள்ளை." "ஊடு இல்லாத குமரண்டாலும் அதிஷ்டக்காரி, கட்டின ஊடு கிடைச்சிட்டு."

என்னையும் அழைத்திருந்தார்கள். உம்மாவைத் தனியே விட ஏலாது என்று சொல்லியனுப்பினேன்.

ஒழுங்கையால் சஹன் தட்டில் சோறு வந்தது. கொண்டுவந்த பையன் முட்டுக்காலுக்குள் தட்டை நுழைக்கத் தெரியாமல் நின்றான். நான் குனிந்து வாங்கினேன். இறைச்சி நல்ல பதம். உம்மா இரண்டு பிடி தின்றுவிட்டு, "மூத்தவட கலியாணத்துக்கும் இதே பண்டாரிதான் ஆக்கினவர்" என்றா.

இரவு அந்தப் பக்கம் அம்னா அழுதாள். அதிக நேரமில்லை. மச்சானின் குரல், பிறகு ஒரு புதுக் குரல், மெல்லியது. பிறகு ஒன்றுமில்லை. நான் சுவர்ப் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தேன். கூப்பிட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கூப்பிடவில்லை.


பெப்ரவரி 28, புதன்

பலகை கழற்றினார். முட்டுக்காலை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். கடைசிக் காலை எடுக்கும்போது எங்களைத் தூரப் போகச் சொன்னார். கீழே நின்று சுத்தியலால் தட்டிப் பார்த்தார். வெடிப்பில்லை. இரண்டு சுவரும் அதன்மேல் இருக்கின்றன.

"இது இனி அசையாது, தங்கச்சி. ஒங்கட காலத்துக்குக் காணும்."

என் காலம்.

கழற்றிய நடுக்கதவையே செதுக்கி இதில் பூட்டிவிட்டார். உம்மாவைப் பிடித்து ஒழுங்கைக்குக் கூட்டிவந்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றா. ஒழுங்கையில் யாருமில்லை, ஒரு ஆடு மட்டும். "போதும் புள்ள, உள்ளுக்குப் போவம்" என்றா.

நானும் மறுபடி தனியாக ஒருதரம் இறங்கினேன். சந்திவரை போனேன். எங்கே போவது என்று தெரியவில்லை. நூல் கட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். தேவையில்லாதது.


மார்ச் 5, செவ்வாய்

கடும் வெயில். பத்து மணிபோலப் புதுக் கதவில் தட்டு. தையலுக்கு யாரோ என்று திறந்தேன். றிஸானா, மச்சானின் புதுப் பெண். கையில் மூடிய கோப்பை.

நான் நினைத்ததைவிட வயது கூட. மெலிவு. தலைத்துணியைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தாள். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்று, கடைசியில் ராத்தா என்றாள்.

"ராத்தா, அம்னா சோறு தின்னுறால்ல. ரெண்டு வாய். மறுகா எழும்பிருவா. நான் என்ன ஆக்கினாலும் சரிவருகுதில்ல. அவருக்குச் செல்லப் பயம். கோவிச்சிருவாரு, புள்ளைக்கு."

உட்காரச் சொன்னேன். கோப்பையில் மீன் ஆணம், ருசி பார்க்கச் சொன்னாள். புளி கூடியிருந்தது.

"புளி கூடினாத் தொடமாட்டா. தேங்காப்பால் முதற்பால் விடணும். மீனுக்கு முள் எடுத்துச் சோத்துக்குள்ள வச்சிக் குடுங்க, தெரிஞ்சா ஒதுக்கிருவா."

அவள் உதடு அசைய அசையக் கேட்டாள், மனனம் செய்வது போல. நான் நிறுத்தவில்லை. படுக்கும்போது இடது காலைத் தடவ வேண்டும். இடி இடித்தால் காதைப் பொத்திவிட வேண்டும், பேச்சுக் கொடுக்கக்கூடாது. கணக்குப் பாடம் உள்ள நாளில் வயிறு வலிக்கும் என்பாள், அது பொய், ஆனால் பொய் என்று சொல்லக்கூடாது. தலைக்கு எண்ணெய் வெள்ளிக்கிழமை. எல்லாம் சொன்னேன். ஒன்றையும் பிடித்து வைக்கவில்லை. பிள்ளை பசி கிடக்கக்கூடாது.

போகும்போது கதவடியில் நின்றாள்.

"எனக்கும் ஊடு இல்ல ராத்தா. வாப்பா மீன் யாவாரம், நாங்க நாலு பொம்புள. வந்து வந்து பாத்துட்டுப் போவாங்க. ஒங்களுக்குத் தெரியாததா."

தெரியும் என்றேன்.

வெறுக்கலாம் என்று ஒரு மாதமாகக் காத்திருந்தேன். அதற்கும் வழியில்லை.


மார்ச் 9, சனி

நோன்புக்கு இன்னும் இரண்டு மூன்று நாள். ஜெஸீமா கஞ்சிக்கு அரிசி வறுக்கிற வாசம். உம்மாவுக்குக் காலில் புண் ஆறவில்லை, திங்கள் கிளினிக்.

அம்னா ஒழுங்கையால் வருவாள் என்று கதவைத் திறந்துவைத்தேன். புதன் வந்தாள், வியாழன் வந்தாள். நேற்று வரவில்லை. இன்றும் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். அடைத்த சுவருக்கு அந்தப் பக்கம் கோப்பைச் சத்தம். தின்னுகிறாள் என்று விளங்கியது. பிறகு அவள் குரல், நல்ல தெளிவாக.

"உம்மா, இன்னும் கொஞ்சம் ஆணம்."

என் உம்மா கட்டிலில் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டா. கேட்டுவிட்டது போல.

ராத்தா மௌத்தாகிய வருஷம், கதை சரியாக வராத வயது, அவள் என்னை இரண்டு மூன்று தரம் அப்படிக் கூப்பிட்டாள். நான்தான் திருத்தினேன். உம்மா கப்றுக் குழில இரிக்கா, நான் சாச்சி, சாச்சி எண்டு செல்லுங்க என்று. சொல்லும்வரை பால் போத்தலைக் கொடுக்கவில்லை. ராத்தாவின் இடத்தை எடுத்துவிடக்கூடாது என்று.

அபாயாவுக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்திருக்கிறேன். பிரிக்க வேண்டும்.